பைப்பைப் பார்க்காத இருபத்து நாலு படங்கள்

"...ஒண்ணு ரெண்டு இல்ல புவான், இருபத்து நாலு படம். இருபத்து நாலுலயும் இவரு என்னையே பாக்குறாரு. அப்ப பைப்ப யாரு பாத்தா?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இதை என்னிடம் மலாயில் கேட்டார். புவான் என்றால் அம்மணி. கோபமாகக் கேட்கவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார். கோபப்படுகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். நியாயமாகக் கேட்கிறவர்களிடம்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

தெப்ரா என்ற ஊரில் இருக்கும் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் அது. பள்ளிக்கூடத்தில் தொழில் படிக்காமல் வேலையிலேயே தொழில் கற்றவர்களுக்கு, அனுபவத்தை எடைபோட்டு அரசாங்கச் சிஜில் வாங்கித் தரும் வழி ஒன்று உண்டு. சிஜில் என்றால் எங்கள் பக்கத்தில் சான்றிதழ். அந்த வழியில் வருகிறவர்களின் கோப்பைப் படித்து, இவருக்குத் தொழில் தெரியும், தெரியாது என்று முடிவு சொல்வதுதான் அந்த அதிகாரியின் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். முழங்கைக்குக் கீழே சின்னச் சின்னதாக வெள்ளைத் தழும்புகள். அவரும் ஒரு காலத்தில் வெல்டிங் வேலை பார்த்தவர்தான் என்று, என்னோடு வந்திருந்த அண்ணன் பிறகு சொன்னார். எனக்கு அது அப்போது தோன்றவில்லை. நான் என் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், அந்த இருபத்து நாலு படங்களையும் எடுத்தது நான்.

மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். ஒரு பக்கம் அண்ணன், நடுவில் அவர் மனைவி, இன்னொரு பக்கம் நான். அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் இல்லை. எங்கள் ஊரான பண்டார் தெங்காராவில் நான் வைத்திருக்கும் போட்டோஸ்டேட் கடைக்கு வருகிறவர்களில் என்னைவிட நாலு வயது மூத்தவர் எல்லோரும் எனக்கு அண்ணன்தான். இவர் என்னைத் தங்கச்சி என்பார். அதைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி என்னை நாத்தனாரே என்று கூப்பிடுவார். பாதிக் கிண்டல், பாதிப் பாசம்.

என் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படி எடுப்பது, பாஸ்போர்ட் படம், பாரம் என்கிற விண்ணப்பத்தாள் நிரப்புவது, இவ்வளவுதான் தொழில். நான் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவள். மலாய் எழுதக் கற்றதே பிறருடைய பாரங்களை நிரப்பித்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். கடைக்கு வருகிறவர்கள் சொல்வதில் மனசில் ஒட்டுவதை அதில் எழுதி வைப்பேன். உதவித்தொகைக்குப் பாரம் எழுத வந்த ஓர் அக்கா, "இதுல வருமானம் எழுத இவ்ளோ பெரிய கட்டம், செலவு எழுத இத்துனூண்டு கட்டம். இந்தப் பாரத்தப் போட்டவரு குடும்பம் நடத்துனதே இல்ல போல" என்றார். லைசன்ஸ் புதுப்பிக்க வந்த லோரிக்காரர் ஒருவர், "வயசு தெரியாம எடும்மா, வண்டி பயப்படும்" என்றார். இப்படி நோட்டு நிறைய இருக்கிறது. யாருக்கும் காட்டியதில்லை.

அண்ணனும் அந்த நோட்டில் இருக்கிறார். முதன்முதலாக அவர் பாரத்தோடு வந்தபோது பேனாவை நீட்டினேன், கையெழுத்துப் போட. வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் எழுதுனா இரும்புலதான் தங்கச்சி எழுதுவேன். காகிதம்னா பொசுங்கிடுமோன்னு பயமா இருக்கு."

எங்கள் ஊரைச் சுற்றி, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காடு. காட்டுக்கு நடுவே எண்ணெய் ஆலை. அந்த ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர் அவர். குலை அவிக்கும் பெரிய உருளைகளுக்கு நீராவி போகும் குழாய்கள் இருக்கின்றனவே, அவற்றை வெட்டி ஒட்டுவது, ஓட்டை அடைப்பது, புதுசு போடுவது எல்லாம் அவர் கைதான். சேர்ந்தபோது கூட்டிப் பெருக்குகிற வேலை. பிறகு வெல்டருக்குக் கம்பி எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒருநாள் அந்த வெல்டர் வரவில்லை, குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, இவர் முகமூடியை மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து இவர்தான் வெல்டர். ஆனால் ஆலைப் புத்தகத்தில் மட்டும் அன்றைக்கும் பொது வேலையாள், கடைசி நாளிலும் பொது வேலையாள்.

இப்போது எதற்குச் சிஜில் என்றால், கூலாய்ப் பக்கம் போய்ப் பாருங்கள். செம்பனை நின்ற இடத்தில் சிவப்பு மண்ணைச் சமப்படுத்தி, ஜன்னல் இல்லாத நீள நீளக் கட்டடங்களாக எழுப்புகிறார்கள். உலகத்தில் இருக்கிற ஆட்கள் கைப்பேசியில் தட்டுவதெல்லாம் அதற்குள்தான் போய்ச் சேருமாம். உள்ளே இருக்கும் கணினிகள் சூடாகாமல் இருக்க ராத்திரி பகலாகக் குளிர்ந்த நீர் ஓட வேண்டும். நீர் ஓடக் குழாய் வேண்டும். குழாய்க்கு வெல்டர் வேண்டும். ஆலையில் கிடைத்ததைப்போல் ஒன்றரை மடங்கு சம்பளம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஐந்தாம் படிவம் முடித்துப் பயிற்சி நிலையத்துக்குப் போய், சிஜிலோடு வந்து நேராக அங்கே நுழைகிறார்கள். நல்ல காரியம்தான். அண்ணனின் மனைவி மட்டும் அந்தக் கட்டடங்களைக் கடக்கும்போதெல்லாம், "மனுஷனுக்கு இல்லாத ஏர்கோன் கம்பியூட்டர் பொட்டிக்கு" என்று ஒருமுறை சொல்லிவிடுவார். அவர் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். அங்கே வெறும் காற்றாடிதான்.

ஆலையில் பழைய பாய்லரை எடுத்துவிட்டுப் பராமரிப்பு வேலையை வெளி ஆட்களிடம் கொடுத்துவிட்டார்கள். அண்ணனைக் காவலுக்குப் போகச் சொன்னார்கள். ஐம்பத்து மூன்று வயதில் கதவைத் திறந்து மூடும் வேலை. அவர் ஒரு மாதம் அதையும் செய்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் ஒரு லீவு நாளில் மோட்டாரை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய், குழாய் வேலை எடுத்திருக்கும் சீனக் கொன்ட்ரெக்டரைப் பார்த்திருக்கிறார். அவர் ஒரு துண்டுக் குழாயைக் கொடுத்து ஒட்டச் சொன்னார். ஒட்டியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாளைக்கே வா என்றார். அடுத்த வார்த்தை, சிஜில் எங்கே என்பதுதான். இல்லை என்றதும், அந்த மனிதர் உண்மையிலேயே வருத்தப்பட்டாராம். சிஜில் இல்லாத கையை உள்ளே விட்டால் எனக்கு வேலை போய்விடும், மாதக் கடைசியில் அடுத்த ஆட்களை எடுக்கிறோம், அதுவரை உன் இடத்தை வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

அப்படித்தான் அண்ணன் என் கடைக்கு வந்தார். கையில் மூன்றரை வாரம் இருந்தது.

அனுபவ வழியில் போக வேண்டுமானால் ஒரு கோப்பு கொடுக்க வேண்டும். என்னென்ன வேலை செய்தேன், எந்த முறையில் செய்தேன், யார் சாட்சி, அதற்குப் படம், கடிதம். நான் பட்டியலைப் படித்துச் சொன்னேன். கடிதம் என்றதும் அவர் முகம் மாறியது. மறுநாள் ஆலையில் சூப்பர்வைசரிடம் வாங்கிவந்ததை என் முன்னால் வைத்தார். பொது வேலையாள், நேரத்துக்கு வருபவர், ஒழுக்கமானவர், கடும் உழைப்பாளி என்று நல்லபடி எழுதியிருந்தது. வெல்டிங் என்ற சொல் மட்டும் தேடிப் பார்த்தாலும் இல்லை.

"என்னண்ணே இது, தோட்டக்காரருக்குக் குடுக்கிற கடிதாசி மாதிரி இருக்கு" என்றேன்.

அப்போதுதான் அவர் சொன்னார். நீராவிக் குழாய் வெடித்தால் ஆள் போய்விடும். ஆகையால் அதை ஒட்டுகிறவருக்குச் சிஜில் இருக்க வேண்டும் என்பது சட்டம். சிஜில் உள்ள ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒட்டி முடித்ததும் அந்த ஒட்டுக்குப் பக்கத்தில் எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டித் தன் நம்பரைப் பதிக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் யார் ஒட்டியது என்று தெரியும் அல்லவா. ஆலையில் என்ன நடந்தது என்றால், இவர் ஒட்டுவார். பிறகு வெளியிலிருந்து சிஜில் உள்ள ஒருவர் வருவார். ஒட்டைத் தடவிப் பார்ப்பார். தன் நம்பரைத் தட்டிவிட்டுப் போவார். இருபது வருடத்துக்கு மேலாக இப்படித்தான். இப்போது சூப்பர்வைசர், இவர் வெல்டிங் செய்தார் என்று எழுதினால், ஆலை சட்டத்தை மீறியதாக அவரே கையெழுத்துப் போட்டதுபோல் ஆகிவிடும்.

"அவரு நல்ல மனுஷன் தங்கச்சி. எம்மவ காலேஜுக்குப் போறப்ப அவருதான் கார் குடுத்தாரு. அவர மாட்டிவிட்டு எனக்கு ஒரு சிஜில் வேணாம்" என்றார்.

ஆக, ஆலையில் இருக்கும் குழாய்களில் வேறு ஒருவர் நம்பர். புத்தகத்தில் பொது வேலையாள். கடிதத்தில் ஒழுக்கமானவர். இவர் வெல்டர் என்று சொல்ல மிச்சம் இருப்பது படங்கள்தான். அதிலும் இவர் வேலை செய்யும்போது முகமூடி போட்டுக்கொள்கிறவர். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் அவர் என்னிடம் அழுத்தி அழுத்திச் சொன்னார், மூஞ்சி தெரியணும், எல்லாப் படத்திலும் தெரியணும் என்று. வேறு எது போனாலும் போகட்டும், அது மட்டும் தவறக் கூடாது.

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. படம் என்றால் முகம் தெரிய வேண்டும். நான் எடுத்துப் பழகியதெல்லாம் முகம்தான். காது இரண்டும் தெரிய வேண்டும், கண் நேராகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் குடிநுழைவு ஆபிசில் திருப்பி விடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலைப் பட்டறையில் அனுமதி கிடைத்தது. அண்ணன் தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, நெற்றியில் திருநீறு பூசி வந்து நின்றார். அண்ணி வெல்டிங் மெஷினுக்குக் குங்குமம் வைத்து, ஓர் எலுமிச்சம்பழத்தை வெட்டினார். இத்தனை வருடம் சோறு போட்ட மெஷின், முதல் படத்துக்கு நிற்கும்போது வெறும் நெற்றியோடு நிற்கக் கூடாதாம். நானும் பட்டியலை ஒரு கையில் வைத்துக்கொண்டு வரிசையாக எடுத்தேன். குழாயை அளப்பது. குழாயை வெட்டுவது. விளிம்பைத் தேய்ப்பது. வெல்டிங் ராடைப் பிடியில் மாட்டுவது. ஒட்டுவது. கசடு தட்டுவது. ஒவ்வொன்றுக்கும் அவர் அந்தந்தச் சாமானைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். நான், இங்க பாருங்கண்ணே, தாடையைக் கொஞ்சம் தூக்குங்க என்பேன். தூக்குவார்.

"அலமாக், அடேயப்பா, என் கல்யாணப் படத்துல இந்த மனுஷன் தரையத்தான் பாத்துக்கிட்டு நின்னாரு. இன்னிக்குத்தான் மாப்பிள்ள மாதிரி இருக்காரு" என்றார் அண்ணி. அதையும் கடைக்கு வந்து நோட்டில் எழுதினேன்.

படங்களை வண்ணத்தில் அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே மலாயில் ஒரு வரி தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, தடித்த அட்டைக் கோப்பில் கோத்தேன். கடையில் அத்தனை வருடத்தில் அவ்வளவு அழகான கோப்பை நான் செய்ததில்லை. அதைத்தான் அந்த அதிகாரி தெப்ராவில் பிரித்து, படங்களை உறையிலிருந்து உருவி, சீட்டுக்கட்டுபோல் மேசையில் வரிசையாக அடுக்கி, பைப்பை யார் பார்த்தது என்று கேட்டார்.

தலைகீழாக எனக்குத் தெரிந்த படங்கள் அவை. அவர் கேட்ட பிறகுதான் அவர் கண்ணால் பார்த்தேன். குழாய் வெட்டும் படத்தில் அண்ணன் வெட்டுகிற இடத்தைப் பார்க்கவில்லை. தேய்க்கும் படத்தில் தேய்க்கவில்லை, தேய்ப்பானைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஒட்டும் படத்தில் முகமூடி நெற்றிக்கு மேலே, பிடி குழாய்க்கு ஒரு சாண் தள்ளி, முகத்தில் சிரிப்பு. இருபத்து நாலு படத்தில் ஒரு தீப்பொறிகூட இல்லை. அதிகாரி மெஷினில் இருந்த சிவப்புப் புள்ளியைக் காட்டி, இது ஒயர் எரிந்த இடமா என்று வேறு கேட்டார். அண்ணி, குங்குமம் என்று சொல்லி, தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அவர் தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு சூப்பர்வைசர் கடிதத்தைப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"இவரு ஒழுக்கமானவருன்னு நான் நம்புறேன். ஆனா கடிதத்துல பொது வேலையாள்னு இருக்கு. படத்துல வேல நடக்கல. நான் எத வச்சிக் கையெழுத்துப் போடறது? நீங்களே சொல்லுங்க, பாக்சிக்" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். பெரியப்பா என்பதுபோல் மரியாதையான சொல் அது.

அண்ணன் மேசையில் சிரித்துக்கொண்டிருந்த தன் முகங்களைப் பார்த்தார். எனக்கு நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆலையில் நடந்ததைச் சொல்லிவிட்டால் என்ன? நம்பர் தட்டிய கதையை நாலு வரியில் மலாயில் சொல்லிவிடுவேன். இந்த மனிதர் புரிந்துகொள்வார் என்றும் தோன்றியது. வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் அழுத்தியது சொல்லாதே என்றா, சொல் என்றா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "பயத்துல புடிச்சேன் நாத்தனாரே, யாரு கை கெடச்சிருந்தாலும் புடிச்சிருப்பேன்" என்கிறார்.

மாதக் கடைசிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. இதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய், ஆலையில் இன்னொரு முறை அனுமதி வாங்கி, இன்னொரு கோப்பு செய்து, இன்னொரு தேதி கேட்டு வருவதற்குள் அந்தக் கொன்ட்ரெக்டரிடம் இடம் இருக்காது. மூவருக்கும் அது தெரியும். என்னுடைய அழகான கோப்புதான் அவரைக் கவிழ்த்தது என்பது எனக்குத் தனியாகத் தெரியும்.

அண்ணன்தான் கேட்டார். அவர் மலாய் ஆலைப் பட்டறை மலாய். நீளமாக வராது. ஐயா என்பதற்கு அதில் என்சிக்.

"என்சிக், இங்க பைப்பு இருக்கா?"

அதிகாரி படங்களைச் சேர்த்துக் கோப்பில் போட்டு என்னிடம் கொடுத்தார். பிறகு எழுந்தார்.

பின்பக்கம் பெரிய கொட்டகை. பிள்ளைகள் படிக்கும் இடம். அன்றைக்கு வகுப்பு இல்லை. தகரத் தடுப்புகளால் பிரித்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மெஷின், ஒரு தாங்கி. அதிகாரி இரண்டு துண்டுக் குழாய்களைக் கொண்டுவந்து போட்டார். அண்ணன் நேர்காணலுக்கென்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதற்கு மேல் போட ஒரு தோல் அங்கியும் கையுறையும் முகமூடியும் கொடுத்தார். எங்கள் இருவருக்கும் கறுப்புக் கண்ணாடி பதித்த கைமறைப்பு ஒவ்வொன்று. "இப்ப எடுங்க புவான், படம்" என்றார் என்னிடம். "அவரக் கூப்பிடாதீங்க."

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் அன்றைக்குப் பார்த்ததுபோல் சொல்ல வரவில்லை.

அண்ணன் குழாயின் விளிம்பை விரலால் ஒருமுறை சுற்றித் தடவினார். அரத்தை எடுத்து ஓர் இடத்தில் மட்டும் நாலு இழுப்பு இழுத்தார். ஒரு ராடின் மேல்பூச்சைத் தட்டி உதிர்த்து, உள்ளே இருந்த கம்பியை வளைத்து, இரண்டு குழாய்களுக்கும் நடுவில் செருகினார், இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்க. நாலு இடத்தில் புள்ளி வைத்துப் பிடிக்க வைத்தார். கம்பியை உருவினார். அதிகாரி குழாயைத் தாங்கியில் சாய்வாக மாட்டி இறுக்கினார். இனிமேல் குழாயைத் திருப்பக் கூடாது, ஆள்தான் குழாயைச் சுற்றி வர வேண்டும்.

எங்கள் கடையில் பாரத்தைப் பார்த்தே நடுங்குகிற மனிதர் அவர். அங்கே அவர் கை எதையும் தேடவில்லை. சுத்தியல் எங்கே, தூரிகை எங்கே என்று பார்க்காமலே கை போனது, எடுத்தது, வைத்தது. முகமூடியைத் தலையை ஒரு சொடுக்குச் சொடுக்கி இறக்கினார். வெளிச்சம் வந்தது.

கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் உலகமே இல்லை. பச்சை நிறத்தில் ஓர் அரிசி மணி அளவு வெளிச்சம், அதற்குப் பின்னால் உருகின இரும்பு ஒரு சொட்டுத் தேன்போல. அந்தச் சொட்டு நகர்கிறது. மெதுவாக, நிற்காமல், அடியிலிருந்து மேலே ஏறுகிறது. அவர் முழங்கால் போட்டார், பிறகு குனிந்து எழுந்தார், பிறகு நின்றார். சொட்டு மட்டும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு கையில் கண்ணாடியும் ஒரு கையில் கைப்பேசியுமாக எடுத்துக்கொண்டே இருந்தேன். எதிலும் முகம் விழவில்லை. கேட்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

முதல் சுற்று முடிந்ததும் அதிகாரி, உள்ளே வரை இரும்பு இறங்கிவிட்டது என்று எப்படித் தெரியும், நீங்கள் உள்ளே பார்க்க முடியாதே என்று கேட்டார். பாரத்தில் இருந்த கேள்விதான் அது. நான் அதற்குப் புத்தகத்தைப் பார்த்து அரைப்பக்கம் பதில் தட்டியிருந்தேன். அண்ணன் மலாயில் தேடினார். கிடைக்கவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"சத்தம் சொல்லும் தங்கச்சி. கடுகு வெடிச்சு அடங்குனப்புறம் வெங்காயத்தப் போட்டா ஒரு சத்தம் வருமே, அது மாதிரி வந்துக்கிட்டே இருக்கணும். கடுகு சத்தம் வந்தா நெருப்பு ஜாஸ்தி. சத்தமே இல்லன்னா மேலதான் ஒட்டிருக்கு, உள்ள எறங்கல."

நான் மலாயில் சொன்னேன். கடுகுக்கு மலாயில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை; அண்ணி கையால் தெறிப்பதுபோல் காட்டினார். அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். எழுதிக்கொள்ளவில்லை. கேள்விகள் இருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கசடு தட்டி, தூரிகையால் தேய்த்து, முகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்து, மறுபடி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அண்ணி நின்றபடியே இருந்தார். உட்காரச் சொன்னதற்கு, நிற்பது எனக்குப் பழக்கம்தானே என்றார். இந்த வேலையை அவர் புருஷன் செய்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான். வேலை நேரத்தில் ஆலைக்குள் குடும்பத்தை விடமாட்டார்கள், படம் எடுத்த அன்றைக்கோ மெஷினே ஓடவில்லை. இருபத்தாறு வருடம் துவைத்த சட்டைகளில் ஓட்டைகளைத்தான் பார்த்திருக்கிறார். "ஒவ்வொரு ஓட்டையா தச்சேன். இப்பத்தான் தெரியுது எங்கேருந்து வந்துச்சின்னு" என்று மெதுவாகச் சொன்னார்.

கடைசிச் சுற்று முடிந்தது. அண்ணன் மெஷினை அணைத்தார். பிடியை அதன் கொக்கியில் மாட்டினார். முகமூடியைக் கழற்றினார். தூரிகையால் ஒட்டை நாலு பக்கமும் தேய்த்துவிட்டார். மீன் செதிலை அடுக்கினதுபோல் ஒரே அளவாக இருந்தது. பிறகு சுத்தியலை எடுத்துத் துடைத்து, பிடியை வெளியே பார்த்தபடி குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தடுப்பை ஒட்டி ஒதுங்கி நின்றார். குழாய்க்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

அதிகாரி காத்திருந்தார். அண்ணனும் காத்திருந்தார்.

"முடிஞ்சிருச்சா, பாக்சிக்?"

"முடிஞ்சது, என்சிக்."

"அப்ப ஏன் தள்ளி நிக்கிறீங்க?"

அண்ணன் யோசிக்கவே இல்லை. நேரம் கேட்டால் சொல்வதுபோல் சொன்னார்:

"நம்பர் போடறவரு வரணும்ல."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. கட்டிய கைகள் அவிழ்ந்தன. என்னைப் பார்த்தார். அண்ணி தரையைப் பார்த்தார். எந்த வார்த்தையை அந்த மேசையில் மூன்று பேரும் முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமோ, அது அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. ஆலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒதுங்கி நின்ற அந்த இரண்டடியில் எல்லாம் இருந்தது. தெரிந்தவருக்குத் தெரியும். எதிரில் நின்றவர் தெரிந்தவர்.

அவர் எந்த ஆலை என்று கேட்கவில்லை. எத்தனை வருடம் என்றும் கேட்கவில்லை. கோப்பை என் கையிலிருந்து வாங்கி அந்தக் கடிதத்தைப் பிரித்து, பொது வேலையாள் என்றிருந்த வரியில் விரலை வைத்தார். பிறகு கோப்பைப் பெஞ்சின் மேல் திறந்தபடியே வைத்துவிட்டு, குழாய் ஆறும்வரை காத்திருந்தார். ஆறியதும் கழற்றித் தூக்கி, ஒரு முனையில் டார்ச்சை வைத்து மறுமுனையில் கண்ணை வைத்து, சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார்.

குழாயைப் பெஞ்சில் வைத்தார். புதுப் படங்களை நாளைக் காலைக்குள் அனுப்பிவிடுங்கள், முகம் இருக்கும் படம் ஒன்று போதும், அதை முதல் பக்கத்தில் வையுங்கள் என்று என்னிடம் சொன்னார். தலையாட்டினேன். அண்ணன் இன்னும் தடுப்பை ஒட்டியே நின்றுகொண்டிருந்தார். கிட்டே வாங்க என்று அவரைக் கையசைத்துக் கூப்பிட்டு, குழாய்க்கு முன்னால் இருந்த அந்தக் காலி இடத்தில் நிற்க வைத்தார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து, இரும்பில் குறி போடும் வெள்ளைக் கட்டியை எடுத்தார். கோப்பின் முதல் பக்கத்தில் இருந்த அடையாள அட்டைப் படியைப் பார்த்துப் பார்த்து, ஒட்டுக்குப் பக்கத்தில், நம்பர் தட்டுகிற இடத்தில், அண்ணனின் பெயரை முழுசாக எழுதினார். அதன் கீழே தேதியைப் போட்டு, தன்னுடைய சுருக்கொப்பத்தையும் போட்டார்.